ஆறு ஓய்வில் இருக்கிறது

உத்தமன் எழுந்தான். பல் தேய்ப்பதற்கு முன் கீழே இறங்கி முற்றத்துக் குழாயைத் திறந்தான். குழாய் முதலில் காற்றை விட்டது. சீறியது, இருமியது, பிறகு துரு நிறத்தில் கொஞ்சம் துப்பியது. அதை ஒரு வாளியில் பிடித்துக் கக்கூஸுக்கு ஒதுக்கினான். அதற்கப்புறம் நல்ல தண்ணீர் வந்தது. பித்தளைக் குடத்தை நிரப்பினான். எவர்சில்வர் குடத்தை நிரப்பினான். மாடிக்கும் முற்றத்துக்குமாக நடந்து நீல டிரம்மை நிரப்பினான். மூடியைப் போட்டான். மூடியின் மேல் கல்லை வைத்தான். ஓர் ஆளுக்கு இவ்வளவு தண்ணீர் தேவையில்லை. இருந்தாலும் எல்லாவற்றையும் நிரப்பினான். பிறகு பல் தேய்த்தான்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த வீடு. வாசல் சுவரில் இரண்டு நோட்டீஸ்கள் இருந்தன. தண்ணீர் தினமும் வராது, ஆகவே வீட்டில் சேமித்து வையுங்கள் என்றது ஒன்று. வீட்டில் தண்ணீர் சேமித்து வைக்காதீர்கள், டெங்கு கொசு வளரும் என்றது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆள், ஒரே பசையால், ஒரே நாளில் ஒட்டிவிட்டுப் போனான். உத்தமனின் மனைவி சொர்ணம் இரண்டையும் நின்று படித்தாள். முதல் நோட்டீஸின்படி நடந்தாள். வைகாசி முடியும்போது டெங்கு வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த காலையிலும் உத்தமன் இதே குழாயடியில்தான் நின்றிருந்தான். போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். குடம் நிரம்பி வழிந்தது. கீழ்வீட்டு லட்சுமம்மா வந்து குழாயை மூடினாள்.

இப்போது தண்ணீர் பிடித்த கையோடு மாமனாருக்குப் போன் செய்வது அவன் வழக்கம்.

"மாமா, வந்துச்சா?"

"இல்ல மாப்ளே."

"மேகம் ஏதாவது?"

"வருது. நின்னு பாக்குது. போய்ச் சொல்லி அனுப்புறோம்னு கெளம்பிடுது. பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி."

மாமனார் கோவிந்தராஜன் ஹொஸ்கோட்டைக்கு அந்தப் பக்கம், கௌரிஹொளெ ஆற்றங்கரையில் தக்காளி போடுகிறவர். சொர்ணம் அந்த ஆற்றில் நீச்சல் கற்றவள். அவளுடைய அஸ்தி ஒரு மண் கலயத்தில், வாயில் சிவப்புத் துணி கட்டி, மயானத்து அலமாரியில் இருந்தது. அதை அவள் ஆற்றிலேயே கரைக்க வேண்டும் என்று கோவிந்தராஜன் சொல்லியிருந்தார். அதுவும் ஓடுகிற தண்ணீரில்.

"நின்ன தண்ணியில விட்டா அவளும் நின்னுடுவா மாப்ளே. போகணும் அவ."

"காவேரிக்குக் கொண்டு போகலாமா மாமா?"

"அங்க கரைச்சா அது எந்த ஸ்டேட்டுக்குச் சேரும்னு அதுக்கும் ஒரு கேஸ் போடுவாங்க. நம்ம ஆத்துல ஒரு அரைநாள் ஓடினா போதும்."

மழை பொய்த்த வருடம் அது. முந்தைய வருடமும் பொய்த்திருந்தது. ஆற்றில் மணல் மட்டும் இருந்தது. உத்தமன் காத்திருந்தான். அவன் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒரு கலயம் சாம்பல் போவதற்கு வேண்டிய தண்ணீர் கேட்டான்.

ஒருநாள் பேப்பரில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. பச்சை வயல், நீல ஆறு, கை கூப்பிய சிலர். "கௌரிஹொளெ மீண்டும் பாய்கிறது! நதி நல ஆணையத்தின் சாதனை." உத்தமன் உடனே மாமனாரை அழைத்தான்.

"பாயுதாமே மாமா?"

"நான் ஆத்து நடுவுல நின்னுதான் பேசறேன். செருப்புகூட நனையல."

அன்றைக்கு அவன் வேலைக்குப் போகவில்லை. மல்லேஸ்வரத்துக்குப் பஸ் ஏறினான்.

நதி நல ஆணையத்தின் கட்டடம் புதியது. வரவேற்பறையில் இரண்டு மாடி உயரத்துக்குச் செயற்கை அருவி விழுந்துகொண்டிருந்தது. பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய திரை. அதில் நீல எழுத்தில், "கௌரிஹொளெ: நீரோட்டம் இயல்பு நிலை" என்று ஓடியது. விசாரணை மேசையில் நோயல் உட்கார்ந்திருந்தார். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன, ஆகவே உண்மை பேசத் தொடங்கியிருந்தார்.

"தமிழா? உக்காரு தம்பி. என்ன விஷயம்? போர்வெல்லா?"

"கௌரிஹொளெயில எந்த இடத்துல தண்ணி ஓடுதுன்னு தெரியணும் சார்."

நோயல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "நான் இந்த ஆபீஸுக்கு வந்ததுலேர்ந்து யாரும் இதைக் கேட்டதில்ல. ஸ்கிரீன்ல போட்டிருக்கே, பாக்கலயா?"

"என் மாமனாரு கரையிலதான் இருக்காரு. அங்க ஓடல."

"அங்க ஓடாது. இங்க ஓடுது." நோயல் அருவியைக் காட்டினார். அது விழும் தொட்டிக்குள் ஒரு சின்ன எந்திரம் சிவப்பு விளக்கோடு மூழ்கியிருந்தது.

அது ஆற்றின் நீரோட்டத்தை அளக்கும் கருவி. முன்பு பாலத்துக்கு அடியில் இருந்தது. ஆறு வற்றியதும் பூஜ்யம் காட்டியது. பூஜ்யம் காட்டினால் கருவி பழுது என்பது ஆணையத்தின் விதி. பழுது பார்க்க வந்தவர்கள் கருவி நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தார்கள். நன்றாக இருக்கும் கருவி பூஜ்யம் காட்டக்கூடாது என்று மேலிடம் பதில் எழுதியது. இப்படியே ஒரு கோடைக்காலம் போனது. கடைசியில் ஓர் இளம் பொறியாளர், தண்ணீரை அளக்கும் கருவியைத் தண்ணீரில் வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார். அவருக்கு விருது கொடுத்தார்கள். கருவி இங்கே வந்தது. அன்றிலிருந்து ஆறு இயல்பு நிலையில் இருக்கிறது.

"கரண்ட் போனா ஆறு வத்திரும்," என்றார் நோயல். "ஜெனரேட்டர் போட்டதும் அருவி குபுக்குன்னு விழும். போன மாசம் அப்படித்தான், வெள்ள அபாயம்னு கரையோர ஊருக்கெல்லாம் சைரன் அடிச்சிருச்சு. எல்லாரும் மேட்டுக்குப் போங்கன்னு."

"மாமா சொன்னாரு," என்றான் உத்தமன். "யாரும் மேட்டுக்குப் போகல சார். ஊரே குடத்தைத் தூக்கிட்டு ஆத்துக்கு ஓடுச்சாம்."

நோயல் சிரிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்திக்கொண்டார். "சரி, உனக்கு எதுக்கு ஓடுற தண்ணி?"

"அஸ்தி கரைக்கணும்."

"பேஜார் புடிச்ச விஷயமாச்சே. ஆத்துல அஸ்தி கரைக்கத் தடை இருக்கு தம்பி. தண்ணி கெட்டுப்போயிடுமாம்."

"தண்ணியே இல்லையே சார்."

"இருந்தா கெட்டிருக்குமில்ல? அதுக்குத்தான் ரூலு." நோயல் குரலைத் தாழ்த்தினார். "யாருது?"

"வீட்டுக்காரி."

நோயல் அவனுடைய வயதைப் பார்த்தார். தன் முன்னால் இருந்த டீயை அவன் பக்கம் நகர்த்தினார். பிறகு சொன்னார்:

"கௌரி ஹப்பா, அதான் கௌரி பண்டிகை, அன்னிக்குப் போ. மந்திரி வந்து ஆத்துக்குப் பாகினா குடுக்கறாரு. அன்னிக்குத் தண்ணி இருக்கும்."

"எப்படி சார் தெரியும்?"

"மழைக்கு மந்திரி வர்றது தெரியாது. லாரிக்குத் தெரியும்."

ஆறு நிரம்பினால் அதற்குச் சீர் செய்வது இந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு முறங்கள். உள்ளே மஞ்சள், குங்குமம், வளையல், சீப்பு, கண்ணாடி, ரவிக்கைத் துணி. ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்துக் கட்டி, பிறந்த வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பதுபோல் தண்ணீரில் விடுவார்கள். அதுதான் பாகினா. ஆறு நிரம்பினால் பாகினா என்று இருந்ததை, கௌரி பண்டிகை அன்று பாகினா என்று ஆணையம் ஒழுங்குபடுத்தியிருந்தது. ஆறுகள் நேரம் தவறுவதால் நிர்வாகத்துக்குச் சிரமமாக இருந்ததாம்.

உத்தமன் டீயைக் குடித்துவிட்டு எழும்போது பின்னாலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கழுத்தில் அடையாள அட்டை. பெயர் அதிதி. ஆணையத்தின் மக்கள் தொடர்புப் பிரிவு.

"சாரி, கேட்டுட்டு இருந்தேன். உங்க வொய்ஃப் கௌரிஹொளெ கரையில பொறந்தவங்களா?"

"ஆமா."

"பேரு?"

"சொர்ணம்."

அதிதி கையை நெஞ்சில் வைத்தாள். "ஓ மை காட். மேல வாங்க. சேர்மன் உங்களைப் பாக்கணும்."

"அவருக்கு என்னைத் தெரியாதே."

"இனிமே தெரியும்."

லிஃப்டில் அவள் மெதுவாகக் கேட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க. கடைசியா அவங்க என்ன சொன்னாங்க?"

உத்தமன் லிஃப்ட் கதவைப் பார்த்தான். "பெருசா ஒண்ணுமில்ல. தண்ணியப் பத்தி."

"தண்ணியப் பத்தி!" அதிதியின் கண்கள் நனைந்தன. அவள் கெட்டவள் இல்லை. அந்தக் கண்ணீர் உண்மையானது. "எக்ஸாக்டா என்ன?"

அவன் மாடி எண்கள் மாறுவதைப் பார்த்தான். "பரவால்ல," என்றாள் அவள். "அதை நாங்க டெவலப் பண்ணிக்கறோம்."

தலைவர் சித்தலிங்கப்பா எழுந்து நின்று அவன் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். அவர் கன்னடத்தில் பேசினார். மேடைப் பேச்சு. அது எந்த மொழியில் இருந்தாலும் ஒரே மாதிரி புரியும்.

"ஸ்வர்ணா உங்கள் மனைவி. கௌரி எங்கள் நதி. சேர்த்தால் ஸ்வர்ணகௌரி. பண்டிகையின் பெயரே அதுதான். இது தற்செயல் என்கிறீர்களா? இந்த ஆணையத்தில் எதுவும் தற்செயலாக நடப்பதில்லை."

"சார், வறட்சியால ஆத்துல—"

தலைவர் கையை உயர்த்தினார். அதிதி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அந்தச் சொல்லை இந்தக் கட்டடத்தில் பயன்படுத்துவதில்லை. எத்தனை நூற்றாண்டாக ஓடிய ஆறு அது? எனக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு, உங்களுக்கும் உண்டு. ஆற்றுக்கு? யாராவது நினைத்துப் பார்த்தோமா? நாங்கள் நினைத்தோம். இது நதியின் ஓய்வு ஆண்டு. ஆறு ஓய்வெடுப்பதால் வயல் ஓய்வெடுக்கிறது. வயல் ஓய்வெடுப்பதால் விவசாயி ஓய்வெடுக்கிறான். முப்பாட்டன் காலத்திலிருந்து ஒருநாள்கூட உட்காராத விவசாயி இன்று மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். போய்ப் பாருங்கள். இதை எங்கள் சாதனை என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்லலாம்."

உத்தமன் சொல்லவில்லை. தலைவர் சிறிது காத்திருந்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். அஸ்தி கரைக்கத் தடை உண்டு. ஆனால் விழாவின் ஓர் அங்கமாகக் கரைத்தால் அது மாசு ஆகாது, மரியாதை ஆகும். மந்திரி பாகினா விட்டதும் உத்தமன் அஸ்தியை விடலாம்.

"தண்ணி ஓடுமா சார்?"

"விழா முடியும்வரை அதற்கு நான் பொறுப்பு."

உத்தமன் தலையாட்டினான். ஆறு வரும் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தது அவர் ஒருவர்தான்.

இரண்டு நாள் கழித்து அதிதி போனில் ஒரு படம் அனுப்பினாள். சொர்ணத்தின் கல்யாணப் போட்டோ. பின்னால் ஆறு. கீழே, "'என் நதி நலமா?' — ஸ்வர்ணகௌரியின் கடைசிச் சொற்கள்."

"அவ இப்படிச் சொல்லல," என்று உத்தமன் எழுதினான்.

"தெரியும். அதனாலதான் கோட்ஸ் மார்க்கைச் சின்னதாப் போட்டிருக்கேன்," என்று பதில் வந்தது. கூடவே கை கூப்பும் பொம்மை.

அடுத்த வாரம் மாமனார் அழைத்தார். வழக்கமாக உத்தமன்தான் அழைப்பான்.

"மாப்ளே, பாலத்துல சொர்ணாவை பேனர்ல கட்டியிருக்காங்க. நல்லாதான் இருக்கா. கொஞ்சம் செவப்பாக்கிட்டாங்க."

"ம்."

"கீழ என்னமோ நெறைய எழுதியிருக்கு. 'என் நதி நலமா, என் மக்கள் நலமா, என் அணைகள் நலமா'ன்னு. அவ எப்ப மாப்ளே அணையப் பாத்தா?"

"அவங்களா எழுதினது மாமா."

"அதானே பாத்தேன்." கோவிந்தராஜன் பேச்சை மாற்றினார். "இன்னொரு விஷயம். ஆணையத்துலேர்ந்து ஆளுங்க வந்தாங்க. நம்ம போர்வெல்லுல பைப்பு மாட்டணுமாம். குடிதண்ணி அவசரம், பண்டிக முடியறவரைக்கும்னு கேட்டாங்க. தக்காளி பூ விட்டிருக்கு, இப்பத் தண்ணி நின்னா எல்லாம் கொட்டிடும்."

"என்ன சொன்னீங்க?"

"குடிக்கக் கேக்கறவங்களுக்கு என்ன சொல்றது. மாட்டிக்கங்கன்னேன்."

கௌரி பண்டிகை அன்று காலை தண்ணீர் வரும் நாளாக இருந்தது. உத்தமன் எல்லாக் குடங்களையும் நிரப்பினான். மயானத்துக்குப் போய்க் கலயத்தை வாங்கிக்கொண்டான். ஹொஸ்கோட்டைக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த அம்மாள் அதைப் பார்த்தாள். பண்டிகைக்கு ஊருக்குத் தயிர் கொண்டுபோகிறான் என்று நினைத்து, "கெட்டியா புடிச்சுக்கோப்பா, ரோடு சரியில்ல," என்றாள். அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

ஆற்றங்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். "ஆழம் அதிகம், இறங்காதீர்" என்று புதிய பலகை நட்டிருந்தது. தீயணைப்புத் துறையின் ரப்பர் படகு ஒன்று மணலில் இருந்தது. அதில் நான்கு பேர் துடுப்போடு தயாராக உட்கார்ந்திருந்தார்கள். வெயில் தாங்காமல் ஒருவர் துடுப்பைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். நதிக்குள் நுழையும் அனைவரும் உயிர்காப்பு உடை அணிய வேண்டும் என்பது விதி. மந்திரி, தலைவர், புரோகிதர், மங்கல வாத்தியக்காரர்கள், முறம் ஏந்திய சுமங்கலிகள் எல்லோரும் ஆரஞ்சு நிறத்தில் ஊதிப்போய் நடந்தார்கள். நாதஸ்வரக்காரருக்குக் கழுத்து வரை காற்று ஏறியிருந்ததால் வாசிப்பில் சிரமம் தெரிந்தது.

உத்தமனுக்கும் ஒன்றை மாட்டிவிட்டார்கள். கலயத்தை நெஞ்சோடு அணைக்க முடியவில்லை. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டான்.

ஆற்றின் நடுவில் ஆறு இருந்தது. விவசாயிகள் பண்ணைக்குட்டையில் விரிக்கும் நீலப் பாயை மணலில் விரித்து, சுற்றிலும் கல் அடுக்கி, மணல் அணைத்து, அதற்குள் தண்ணீரை நிரப்பியிருந்தார்கள். கரையில் லாரிகள் காலித் தொட்டிகளோடு நின்றன. ஒரு தடித்த கறுப்புப் பைப் மட்டும் புதருக்குள்ளிருந்து வந்து இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் இடுப்பளவு இருந்தது. அது எங்கேயும் போகவில்லை. வானத்தைப் பார்த்தபடி கிடந்தது.

"அதிதி மேடம்," என்றான் உத்தமன், "இது ஓடலயே."

"ட்ரோன் ஷாட்ல ஓடும் சார். மியூசிக் போடுவோம்."

மந்திரி பாகினாவை விட்டார். முறங்கள் ஒரு சுற்றுச் சுற்றி அவரிடமே திரும்பி வந்தன. அவர் மெதுவாகக் காலால் தள்ளிவிட்டார். மறுபடி வந்தன. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"நதி ஓய்வெடுத்தாள். இன்று எழுந்தாள். யாருக்காக எழுந்தாள்? தன் மகள் ஸ்வர்ணகௌரிக்காக! மருத்துவர்கள் கைவிட்ட அந்த நேரத்தில், அந்தச் சகோதரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். கண்ணீரைத் துடைத்தாள். கணவனைப் பார்த்து என்ன சொன்னாள் தெரியுமா? 'அழாதீர்கள். நதி நல ஆணையம் இருக்கும்வரை என் கௌரிக்குக் கவலையில்லை. அதன் பதவிக்காலத்தை இன்னும் ஐந்தாண்டு நீட்டினால் என் ஆத்மா சாந்தியடையும்' என்றாள். பெருமக்களே, இது நான் கேட்கவில்லை. ஒரு பெண்ணின் கடைசி மூச்சு கேட்டது!"

கூட்டம் கை தட்டியது. மந்திரி கண்ணை மூடித் தலையாட்டினார். அது சம்மதமா தூக்கமா என்று தலைவர் உற்றுப் பார்த்தார். அதிதி உத்தமனைப் பார்க்காமல் போனைப் பார்த்தாள்.

அப்போது புதர் விலகியது. கோவிந்தராஜன் வந்தார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். அஸ்தி கரைப்பதைப் பார்க்கக் கிளம்பியவர், தன் தோட்டத்திலிருந்து புறப்பட்ட பைப் ஊர்த் தொட்டிக்குப் போகவில்லை என்று யாரோ சொல்ல, எங்கேதான் போகிறது என்று அதன் கூடவே நடந்து வந்திருந்தார். பைப் முடிந்த இடத்தில் அவரும் நின்றார். தண்ணீரைப் பார்த்தார். முறத்தைப் பார்த்தார். ஆரஞ்சு நிறத்தில் நின்ற மருமகனைப் பார்த்தார்.

"மாப்ளே," என்றார். "குடிக்கன்னுதானே சொன்னாங்க."

உத்தமன் பைப்பைப் பார்த்தான்.

"பூ எல்லாம் கொட்டிப்போச்சு மாப்ளே." அவர் குரலில் கோபம் இல்லை. தகவல் சொல்வதுபோல் சொன்னார். பிறகு கலயத்தைப் பார்த்தார். "இதுலயா விடப்போற? இது நின்ன தண்ணி."

"இவ்வளவுதான் மாமா தண்ணி."

கோவிந்தராஜன் லுங்கியை இறுக்கிக் கட்டினார். நீலப் பாயைச் சுற்றி ஆற்றின் சரிவுப் பக்கம் போனார். ஒரு போலீஸ்காரர் ஓடினார். "ஏய், லைஃப் ஜாக்கெட்! லைஃப் ஜாக்கெட் போடாம எறங்கக்கூடாது!" என்று கத்தியபடி ஓர் ஆரஞ்சு உடையை நீட்டிக்கொண்டே பின்னால் போனார். கோவிந்தராஜன் ஒரு கல்லை எடுத்து அப்பால் போட்டார். இன்னொன்றை எடுத்தார். கரையிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள், அவருடைய ஊர்க்காரர்கள். அவர்களும் ஆளுக்கொரு கல்லை எடுத்தார்கள். கோவிந்தராஜன் குனிந்து பாயின் விளிம்பைப் பிடித்து மணலோடு சேர்த்துக் கீழே அழுத்தினார்.

தண்ணீர் முதலில் தயங்கியது. பிறகு விளிம்பில் ஏறி வழிந்தது. பிறகு போனது. போக வேண்டிய வழி அதற்குத் தெரிந்திருந்தது. மணலில் நுரைத்து, பழைய தடத்தில் வளைந்து, பாறையைச் சுற்றி ஓடியது. முறங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. பூக்கள் கிளம்பின. புரோகிதரின் செம்பு ஒன்றும் கிளம்பியது.

உத்தமன் உயிர்காப்பு உடையைக் கழற்றிப் போட்டான். தண்ணீரோடு நடந்தான். அது வேகமாகப் போனது. அவனும் வேகமாக நடந்தான். சிவப்புத் துணியின் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தான். குனிந்து கலயத்தைச் சாய்த்தான். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தண்ணீரின் நடுவில் நீண்டது, அகன்றது, பாறையைத் தாண்டியது. அதற்கப்பால் மணல் தண்ணீரைக் குடித்துவிட்டது. கோடும் அங்கே முடிந்தது. முறங்கள் தரை தட்டின. ஒன்று திறந்துகொண்டு, பச்சை வளையல்கள் ஈர மணலில் கிடந்தன.

அவள் போனாள். தூரம் அதிகமில்லை. ஆனால் போனாள்.

பின்னால் ஒலிபெருக்கியில் சித்தலிங்கப்பாவின் குரல் நடுங்கியது. "ஓடுகிறது! பாருங்கள்! கண்ணால் பாருங்கள்! கௌரிஹொளெ ஓடுகிறது!" கூட்டம் எழுந்து நின்றது. மந்திரி விழித்துக்கொண்டு கை தட்டினார். நாதஸ்வரம் முழங்கியது. மேடையிலேயே பதவிக்காலம் நீட்டப்பட்டது. மல்லேஸ்வரத்தில் திரை, இயல்பு நிலை என்று காட்டிக்கொண்டிருந்தது.

மாலைக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். பந்தலைப் பிரித்தார்கள். நீலப் பாயைச் சுருட்டி லாரியில் போட்டார்கள். படகையும் ஏற்றினார்கள். "ஆழம் அதிகம்" பலகையை மட்டும் மறந்துவிட்டார்கள்.

மாமனாரும் மருமகனும் தோட்டத்துக்கு நடந்தார்கள். தக்காளிச் செடிகளின் கீழே மஞ்சள் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. கோவிந்தராஜன் மோட்டாரைப் போட்டுப் பார்த்தார். குழாய் காற்றை விட்டது. சீறியது, இருமியது. வாய்க்காலில் ஒன்றும் விழவில்லை. சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் மோட்டாரை நிறுத்தினார்.

இருவரும் மோட்டார் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்தார்கள்.

"நல்லாப் போனா," என்றார் கோவிந்தராஜன்.

"ஆமா மாமா."

"பாறை தாண்டிப் போயிட்டா. அங்கேர்ந்துதான் குதிப்பா. எறங்கி வாடின்னா வரமாட்டா."

உத்தமன் காலிக் கலயத்தின் வாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மைக்குல அந்த ஆளு சொன்னானே, சொர்ணா என்னமோ சொன்னான்னு."

"அதெல்லாம் இல்ல மாமா."

"இல்லன்னு தெரியும். அவ அப்படிப் பேசற பொண்ணா." கோவிந்தராஜன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நெசமா என்ன மாப்ளே சொன்னா?"

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. வார்டில் விடிவதற்கு முன்பு அவள் கண் விழித்தாள். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவனைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் குரலில் சிணுங்கலும் இல்லை, பிரிவும் இல்லை. வீட்டில் பேசுகிற குரல்தான். அதே குரலில் சொல்ல அவனுக்கு வரவில்லை. வார்த்தைகளை மட்டும் சொன்னான்.

"ஏங்க, இன்னிக்குத் தண்ணி விடுற நாளு. இங்க உக்காந்துட்டு என்ன பண்ணப்போறீங்க? போயிப் புடிச்சி வெச்சிட்டு வாங்க."